சொந்தமாக மெயில் சர்வர் வைக்கலாமா? புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் லினக்ஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் சின்னதாகத் தொழில் செய்பவர்களுக்கும் என்னால் ஆன உதவியைச் செய்துவருகிறேன். எனக்கென்று ஒரு மெயில் சர்வரும் நடத்துகிறேன். "ஜிமெயிலை விட்டுவிட்டு நாமே ஒரு சர்வர் போட்டுக்கொண்டால் நம் மெயில் நம்மிடமே இருக்குமே?" என்று கேட்காதவர் குறைவு. அதையொட்டி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

வைக்கலாமா, வேண்டாமா? அதை முதலில் சொல்லுங்கள்.

தனியுரிமை ஒன்றுக்காகத்தான் என்றால், இப்போதைக்கு வேண்டாம். கற்றுக்கொள்வதற்கு என்றால் தாராளமாக வையுங்கள். ஆனால் பேங்க், பிஎஃப், வேலை விண்ணப்பம் எல்லாம் வந்துசேரும் மெயில் ஐடியை அதில் வைக்காதீர்கள்.

இரண்டுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரில் ஒரு டொமைன் (மெயில் ஐடியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கி, நம்பகமான ஒரு மெயில் நிறுவனத்தில் காசு கொடுத்து அதை இணைத்துக்கொள்ளுங்கள். புதியவருக்குக் கிடைக்கக்கூடிய சுதந்திரத்தில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். சர்வர் பிறகு.

சொந்த மெயில் சர்வர் என்றால் சரியாக என்ன?

எப்போதும் நெட்டில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதில் வெளியாரிடமிருந்து மெயிலை வாங்கவும் வெளியே அனுப்பவும் ஒரு மென்பொருள். போஸ்ட்ஃபிக்ஸ் அதில் பிரபலம். வந்த மெயிலைச் சேமித்து உங்கள் போனுக்குக் காட்ட இன்னொன்று, பெரும்பாலும் டவ்காட். ஸ்பேமைப் பிரிக்க மூன்றாவது. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி என்ற முறை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிவைத்தது. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் மெயில் கொடுக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. இன்றுவரை எந்தக் கம்பெனியும் முழுதாகச் சொந்தம் கொண்டாட முடியாத வழியாக மெயில் இருப்பதற்குக் காரணம் அதுதான். ஸ்பேம் பெருகியதற்கும் அதுவேதான் காரணம்.

கூகுள் என் மெயிலைப் படிக்கிறதா?

விளம்பரம் காட்டுவதற்காக ஜிமெயிலின் உள்ளடக்கத்தை அலசுவதை நிறுத்துவதாக 2017 ஜூனில் கூகுள் அறிவித்தது. ஸ்பேமைப் பிடிக்க, வைரஸைத் தடுக்க, டிக்கெட் விவரத்தைக் காலண்டரில் ஏற்ற என்று மென்பொருள் இன்றும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. சட்டப்படி அரசு கேட்டால் கொடுக்கவும் வேண்டும்.

என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய கவலை வேறு. ஒருநாள் காலையில் "உங்கள் கணக்கு முடக்கப்பட்டது" என்று வந்தால், யாரிடம் போய் முறையிடுவீர்கள்? இலவசக் கணக்குக்கு நேரில் பேச ஆள் கிடையாது. பத்து வருட மெயிலும், அந்த ஐடியில் பதிந்த எல்லாக் கணக்குகளும் ஒரே பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும்.

"என் மெயிலை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் அண்ணா." யாரும் என்றால் யார்?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

கொருக்குப்பேட்டையிலோ மூலக்கடையிலோ ஒரு ப்ரௌசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். காலேஜ் அட்மிஷன், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பாஸ்போர்ட், பிஎஃப் பணம் எடுப்பது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. மெயில் ஐடி இல்லாமல் வருபவர்களுக்குக் கடைக்காரரே ஒன்று உருவாக்கித் தருவார். பாஸ்வேர்டு பெயரும் பிறந்த வருடமுமாக இருக்கும். "நாளைக்கு மறந்துட்டு வந்து நிப்பீங்க" என்று ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். ஓடிபி வரவேண்டிய இடத்தில் சில நேரம் அவருடைய நம்பரே இருக்கும். அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அவர் இல்லாவிட்டால் அந்தத் தெருவில் பாதிப் பேரின் விண்ணப்பம் போயிருக்காது. ஆனால் அந்த நோட்டு மேஜைமேல் திறந்தே கிடக்கிறது.

இன்னொன்று, வீட்டில் நாலு பேருக்கு ஒரே ஸ்மார்ட்போன். தங்கையின் மெயில் அண்ணனின் போனில் லாகின் ஆகியிருக்கும். வேலைக்கு எங்கே விண்ணப்பித்தாள், யாரிடமிருந்து பதில் வந்தது என்பதெல்லாம் அவளுக்கு முன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது, பழைய சிம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் சில மாதத்தில் வேறொருவருக்குப் போய்விடும். அந்த நம்பர்தான் உங்கள் ஜிமெயிலின் மீட்பு எண் என்றால், புதிதாக சிம் வாங்கியவர் கையில் உங்கள் கணக்கின் சாவி இருக்கிறது.

இந்த மூன்றில் ஒன்றைக்கூட சொந்த சர்வர் சரிசெய்யாது. இன்றைக்கே சரிசெய்யலாம், காசும் ஆகாது. பாஸ்வேர்டை நீளமாக மாற்றுங்கள். எந்தெந்தக் கருவியில் லாகின் ஆகியிருக்கிறது என்று பார்த்துத் தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, அதன் பேக்கப் கோடுகளை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் பையில் வையுங்கள். என்னிடம் வருபவர்களுக்கு முதல் நாள் வேலை இதுதான். இதை முடிக்காமல் சர்வர் பற்றி நான் பேசுவதே இல்லை.

என் சர்வரில் இருந்தால் வேறு யார் பார்க்க முடியும்?

மெயிலுக்கு இரண்டு முனை உண்டு. நீங்கள் அனுப்பியது எதிரில் இருப்பவரின் பெட்டியிலும் இருக்கிறது, அவர் பெட்டி பெரும்பாலும் ஜிமெயில். பெஞ்சமின் மாக்கோ ஹில் என்ற ஆய்வாளர் பல வருடங்களாகச் சொந்த மெயில் சர்வர் நடத்தியவர். 2014-இல் தன் மெயில்களையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் பதில் போட்டவற்றில் பாதிக்கும் மேல் கூகுளின் சர்வர்கள் வழியாக வந்தவை. அத்தனை வருடம் கூகுளுக்கு வெளியே இருந்தும், அவருடைய உரையாடலில் பாதி கூகுளிடமே இருந்தது. நம் ஊரில் அந்தப் பங்கு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். உங்கள் போனில் இருக்கும் மெயில் ஐடிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது, சொந்த சர்வர் சில விஷயங்களை வெளிச்சம் போட்டும் காட்டும். உங்கள் டொமைனின் மெயில் எந்த ஐபிக்கு (நெட்டில் ஒரு இணைப்பின் எண் முகவரி) போகிறது என்பது டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் யாரும் படிக்கக்கூடிய தகவல். வீட்டில் சர்வர் வைத்தால் அது வீட்டு இணைப்பின் ஐபி. பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கும்போது உங்கள் சர்வரின் பெயர் பொதுப் பதிவேடுகளில் நிரந்தரமாகப் பதிவாகிவிடும். ஜிமெயிலில் நீங்கள் கோடிக்கணக்கானவர்களில் ஒருவர். உங்கள் ஒருவருக்கான டொமைனில் யார் எப்போது யாருக்கு அனுப்பினார் என்று ஊகிக்க அதிக மெனக்கெட வேண்டியதில்லை.

விபிஎஸ் எனப்படும் வாடகை சர்வர் என்றால், அதைத் தருபவர் நினைத்தால் டிஸ்க்கைப் பார்க்கலாம். இந்தியாவில் விபிஎஸ் தரும் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐபி போன்றவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது.

லாபமே இல்லையா என்றால், உண்டு. உங்கள் பழைய மெயில்கள் மொத்தமும் ஒரு பெரிய கம்பெனியின் கையில் குவிந்து கிடக்காது. அது சின்ன விஷயம் இல்லை, நான் சர்வர் நடத்துவதே அதற்காகத்தான். ஆனால் "யாரும் பார்க்க முடியாது" என்று நம்பிக்கொண்டு இறங்காதீர்கள்.

பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. வீட்டிலேயே வைக்கலாமா?

ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டு இணைப்பில் நான்கு தடைகள் வரிசையாக நிற்கின்றன.

முதலில், பல இணைப்புகளில் உங்களுக்கென்று தனி ஐபியே கிடையாது. ஏரியா கேபிள்காரர் மொட்டை மாடி மாடியாக ஃபைபர் இழுத்துக் கொடுத்த இணைப்பு என்றால், நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே ஐபிக்குப் பின்னால் இருக்கும். சிஜிநாட் என்று பெயர். வெளியிலிருந்து ஒருவர் உங்கள் லேப்டாப்பின் கதவைத் தட்டவே முடியாது. ரௌட்டரில் காட்டும் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். இரண்டாவது, காசு கட்டி மாறாத ஸ்டாடிக் ஐபி வாங்கினாலும், சர்வர்களுக்கிடையே மெயில் போய்வரும் வாசலான 25-ஆம் போர்ட்டை நிறுவனம் அடைத்து வைத்திருக்கலாம். மூன்றாவது, ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவு. அதை நீங்களாகப் போட முடியாது, இணைப்பு தருபவர்தான் போடவேண்டும். கஸ்டமர் கேருக்குப் போன் செய்து பிடிஆர் என்று சொல்லிப் பாருங்கள், "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றுதான் பதில் வரும். நான்காவது, ஸ்பேம் வரும் ஐபிகளைப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு நடத்தும் பிபிஎல் என்ற பட்டியல். வீட்டு இணைப்புகளுக்கான ஐபிகள் மொத்தமாக அதில் இருக்கும். "இங்கிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது" என்பது அதன் பொருள். நீங்கள் ஒரு ஸ்பேமும் அனுப்பியிருக்க வேண்டாம், பட்டியலில் பிறந்தவர் நீங்கள்.

இத்தனையையும் தாண்டினால் கரண்ட். பராமரிப்புக்காக ஈபி ஷட்டௌன் என்றால் காலை 9 மணிக்குப் போவது மதியம் வரை வராது. இதற்குப் பயப்பட வேண்டாம். உங்கள் சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பும் சர்வர் மறுபடி மறுபடி முயலும். 4, 5 நாளாவது முயலவேண்டும் என்பது எஸ்எம்டிபி விதிமுறையின் பரிந்துரை. எல்லோரும் அவ்வளவு பொறுமையாக இருக்கமாட்டார்கள், ஆனாலும் அரை நாளில் ஒன்றும் தொலையாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நிலைமை வேறு. வடசென்னையில் பல இடங்களில் தண்ணீர் வடியவே நாள்கணக்கில் ஆனது. கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. தரைத்தளத்தில் சர்வர் வைத்திருந்தால் மெயிலோடு டிஸ்க்கும் போயிருக்கும். காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. நிறுத்தாமல் ஓடும் மெஷினின் ஃபேனையும் ராம் சிப்பின் உலோகக் கால்களையும் கழற்றிப் பார்த்தால் புரியும்.

வீட்டு லேப்டாப்பில் வேறு சர்வர்கள் அருமையாக ஓடும். போட்டோ, ஃபைல், பாஸ்வேர்டு பெட்டகம் எல்லாம் வைத்துப் பழகுங்கள். தவறினாலும் வெளியாருக்குப் பாதிப்பில்லை.

சரி, விபிஎஸ் வாடகைக்கு எடுக்கிறேன். பிரச்சினை தீர்ந்ததா?

பாதி. சர்வர் வாடகைக்குத் தரும் ஏடபிள்யூஎஸ், கூகுள் கிளவுட், டிஜிட்டல்ஓஷன் மூன்றிலும் வெளியே போகும் 25-ஆம் போர்ட் தொடக்கத்திலேயே மூடியிருக்கும். ஏடபிள்யூஎஸ்-இல் காரணம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். ஹெட்ஸ்னர் என்ற இன்னொரு நிறுவனத்தில் புதுக் கணக்குக்கு உடனே திறக்கமாட்டார்கள். ஆகவே பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள்: 25-ஆம் போர்ட் திறப்பீர்களா? பிடிஆர் பதிவை நானே போட முடியுமா?

அதன்பிறகு ஐபியின் பூர்வீகம். உங்களுக்குக் கிடைத்த ஐபி நேற்றுவரை யாரோ ஒரு ஸ்பேமரிடம் இருந்திருக்கலாம். ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். கறை இருந்தால் அந்த சர்வரை அழித்துவிட்டு வேறு எடுங்கள், சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் சுத்தமாக இருந்தாலும், பக்கத்து எண்களில் இருப்பவர்கள் செய்யும் வேலைக்கு மொத்த வரிசையும் அடிவாங்கும். அது உங்கள் கையில் இல்லை.

நான் அனுப்பும் மெயில் ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போகிறது, அல்லது திரும்பி வருகிறது. ஏன்?

மெயில் வாங்குவது சுலபம். அனுப்புவதில்தான் புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள்.

அனுப்புநர் முகவரியில் யாருடைய பெயரை வேண்டுமானாலும் எழுத எஸ்எம்டிபி விட்டுவிடும். அதை அடைக்க மூன்று ஏற்பாடுகள் பின்னால் வந்தன. எஸ்பிஎஃப், இந்த டொமைனின் பெயரில் எந்த ஐபிகள் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம், ஒவ்வொரு மெயிலிலும் உங்கள் சர்வர் போடும் கையெழுத்து. அதைச் சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ்-இல் இருக்கும். டிமார்க், இவை தேறவில்லை என்றால் மெயிலை என்ன செய்யவேண்டும் என்று நீங்கள் கொடுக்கும் உத்தரவு; அத்துடன் யார் உங்கள் பெயரில் அனுப்பினார்கள் என்ற அறிக்கையும் உங்களுக்கு வரும். மூன்றும் வேண்டும். எஸ்பிஎஃப் மட்டும் போட்டால், காலேஜ் மெயிலிலிருந்து ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பும்போது அது உடையும். நடுவில் ஐபி மாறிவிடுகிறதே. டிகிம் கையெழுத்து அந்தப் பயணத்தில் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதைக் கட்டாயமாக்கிவிட்டன. ஒரு மெயில் அனுப்புபவராக இருந்தாலும் ஜிமெயிலுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேண்டும், பிடிஆர் சரியாக இருக்கவேண்டும். ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் என்றால் மூன்றும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக் பெட்டிகளுக்கு அனுப்பும் பெரிய அனுப்புநர்களுக்கு இதே வழிக்கு வந்தது.

திரும்பி வரும் மெயிலை எரிச்சலோடு அழித்துவிடாதீர்கள், அதில்தான் விடை இருக்கிறது. ஜிமெயில் 550-5.7.26 என்றால் எஸ்பிஎஃப், டிகிம் தேறவில்லை. 550-5.7.25 என்றால் பிடிஆர் இல்லை. இதில் அடிக்கடி பார்க்கும் கூத்து ஒன்று உண்டு. பழைய வகை ஐபியான ஐபிவி4-க்கு பிடிஆர் அழகாகப் போட்டிருப்பார்கள். சர்வர் புது வகையான ஐபிவி6 வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும், அதற்கு பிடிஆர் இருக்காது. அதற்கும் போடுங்கள், அல்லது போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-இல் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். 550-5.7.1 என்று வந்து, கூடவே ஐபியின் நற்பெயர் குறைவு என்று எழுதியிருந்தால்தான் கஷ்டம். ஏனென்றால் அதற்கு மாற்றவேண்டிய செட்டிங் எதுவும் கிடையாது. குறைவாக, தெரிந்தவர்களுக்கு, பதில் வரக்கூடிய மெயிலாகப் பல வாரம் அனுப்பித்தான் நம்பிக்கையைச் சேர்க்கமுடியும்.

இதைவிட மோசம், திரும்பியே வராமல் காணாமல் போகும் மெயில். எதிர்முனை "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லிவிடும், அவர் பெட்டியில் இருக்காது. வேலைக்கு அனுப்பிய மெயிலுக்குப் பதில் வரவில்லையே என்று ஒரு பையன் பத்து நாள் காத்திருந்தால், அது வேண்டாம் என்பதால் வராத பதிலா, போய்ச்சேராததால் வராத பதிலா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? புதியவர்களைத் தடுக்கவேண்டும் என்று நான் நினைப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

மெயில்-இன்-எ-பாக்ஸ், மெயில்கவ் மாதிரி ரெடிமேட் மெயில் சர்வர் மென்பொருள் வந்துவிட்டதே?

நல்ல திட்டங்கள். நானும் புதியவர்களுக்கு மெயில்-இன்-எ-பாக்ஸைத்தான் காட்டுகிறேன். டிஎன்எஸ் பதிவுகளில் எது தப்பு என்று அதுவே சிவப்பில் காட்டும். ஆனால் மென்பொருளை நிறுவும் வேலையைத்தான் அது குறைக்கும். ஐபியின் பெயரை அதனால் சம்பாதித்துத் தர முடியாது.

ஒருமுறை அமைத்துவிட்டால் அப்புறம் வேலை இருக்காதுதானே?

இருக்கும். சர்வர் நெட்டுக்கு வந்த சில மணி நேரத்திலேயே பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் ரோபோக்கள் வந்துவிடும். சர்வர் தன் நடப்புகளை எழுதிவைக்கும் லாகைத் திறந்தால், அவர்களின் முயற்சிகள் நிற்காமல் ஓடும். ஒரு பயனரின் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்து அவர்கள் உள்ளே வந்துவிட்டால், அன்று இரவுக்குள் உங்கள் பெயரில் ஆயிரக்கணக்கில் ஸ்பேம் போகும். காலையில் உங்கள் ஐபி எல்லாப் பட்டியலிலும் இருக்கும்.

மென்பொருளிலும் ஓட்டை வரும். 2019 ஜூனில் எக்ஸிம் என்ற மெயில் சர்வரில் வெளியான ஓட்டையைப் பயன்படுத்தி, செய்தி வந்த சில நாளிலேயே உலகம் முழுக்கத் தாக்கினார்கள். புதுப்பிக்காமல் விட்டவர்களின் சர்வர் மொத்தமாகக் கைமாறியது. அந்த வாரம் உங்களுக்கு செமஸ்டர் பரீட்சையா, வீட்டில் கல்யாணமா என்று தாக்குபவன் பார்க்கமாட்டான். பேக்கப்பும் அப்படித்தான். எடுத்தால் போதாது, அதிலிருந்து ஒருமுறை மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

புரோட்டான், டூட்டா, சோஹோ, ஃபாஸ்ட்மெயில். இந்த மெயில் சேவைகளில் எது?

ஒவ்வொன்றும் வேறு தேவைக்கு. புரோட்டானும் டூட்டாவும் பெட்டியில் இருக்கும் மெயிலை நிறுவனமே படிக்கமுடியாதபடி பூட்டி வைப்பவை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2021-இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி, பிரான்ஸைச் சேர்ந்த ஒரு சூழலியல் போராளியின் ஐபி முகவரியை புரோட்டான் பதிவுசெய்து கொடுக்கவேண்டி வந்தது. மெயிலின் உள்ளே இருந்ததைக் கொடுக்கவில்லை, அதைத் திறக்க அவர்களாலேயே முடியாது. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதித் தெளிவு வந்துவிடும்.

சோஹோ நம் சென்னைக் கம்பெனி, விளம்பரம் இல்லாத மெயில். சின்னத் தொழிலுக்குப் பொருத்தம். ஃபாஸ்ட்மெயில் ஆஸ்திரேலியாவுடையது, முழுப் பூட்டு கிடையாது, மற்றபடி வேலை சுத்தம். எதை எடுத்தாலும் உங்கள் சொந்த டொமைனை இணைக்க விடும் திட்டத்தை எடுங்கள். மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்.

டொமைன், டொமைன் என்கிறீர்களே. அதில் அப்படி என்ன?

சிம் கம்பெனியை மாற்றினாலும் நம்பர் நம்மிடமே இருக்கிறதல்லவா, மெயிலில் அந்த வசதியைத் தருவது டொமைன். இன்றைக்கு ஒரு நிறுவனம், விலை ஏற்றினால் நாளைக்கு வேறொன்று, தைரியம் வந்த அன்று உங்கள் சொந்த சர்வர். பேங்குக்கும் நண்பர்களுக்கும் கொடுத்த முகவரி மாறவே மாறாது.

செலவு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில். முதல் வருட தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். ஆபத்தும் இதில் ஒன்று இருக்கிறது. கட்டணம் கட்டாமல் விட்டு டொமைன் போய்விட்டால், அடுத்து அதை வாங்குபவருக்கு உங்களுக்கு வரவேண்டிய மெயில் எல்லாம் போகும். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் வரும் மெயிலும்கூட. அதனால் டொமைன் கணக்குக்கு வலுவான பாஸ்வேர்டு, இரண்டு கட்டச் சரிபார்ப்பு, தானாகப் புதுப்பிக்கும் வசதி மூன்றும் போடுங்கள். அந்தக் கணக்கை அதே டொமைனின் மெயில் ஐடியில் பதியாதீர்கள். டொமைன் நின்றால் மீட்பு மெயிலும் நின்றுவிடும்.

மெயிலைப் பூட்டும் பிஜிபி முறையைப் போட்டு அனுப்பினால்?

எதிரில் இருப்பவரும் போட்டிருந்தால் உள்ளடக்கம் பத்திரம். யார், யாருக்கு, எப்போது என்பதும், பொதுவாக சப்ஜெக்ட் வரியும் திறந்தேதான் போகும். நிஜமாகவே ரகசியமான பேச்சுக்கு மெயிலைத் தேடாதீர்கள். சிக்னல் ஆப் போதும்.

லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கொட்டேஷன், ஜிஎஸ்டி எல்லாம் மெயிலில்தான். நானே சர்வர் வைத்தால் மிச்சமாகுமா?

ஆகாது. ஒரு கொட்டேஷன் கம்பெனியின் ஸ்பேமில் விழுந்தால் போகும் ஆர்டர், பல வருட மெயில் கட்டணத்தைவிடப் பெரியது. டொமைன் வாங்கிக் காசு கொடுத்து வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் கணக்கு எழுதும் பையனிடமும் வெப்சைட் போட்டுத் தந்தவரிடமும் விட்டுவிடாதீர்கள். டொமைன் உங்கள் பெயரில்தான் பதிந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வெப்சைட் போட்டவர் தன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு போனையே எடுக்காமல் போன கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

சட்டச் சிக்கல் வருமா?

வீட்டாருக்கென்று மெயில் சர்வர் வைப்பதற்கு லைசென்ஸ் எதுவும் வாங்கவேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவர் சொந்த, குடும்பத் தேவைக்காகச் செய்வதை விட்டுவைக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னது நமக்கெல்லாம் பொருந்தும். ஆகவே "மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று யாராவது கேட்டால் கூச்சப்படாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்கீழ் முறைப்படி உத்தரவு வந்தால் மட்டும், பெரிய கம்பெனியானாலும் நீங்களானாலும் பணிந்தாக வேண்டும்.

எனக்குக் கற்றுக்கொள்ளத்தான் ஆசை அண்ணா. எங்கிருந்து தொடங்க?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு வரும் சந்தோஷம் தனி.

முக்கியமான மெயில் எதுவும் வராத, மலிவான இரண்டாவது டொமைன் ஒன்றை வாங்குங்கள். முதலில் டிஎன்எஸ் கைக்குப் பழகட்டும். எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்பது), டிஎக்ஸ்டி (எஸ்பிஎஃப் போன்றவை எழுதப்படுவது), பிடிஆர் பதிவுகளை ஜிமெயிலுக்கும் சோஹோவுக்கும் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பிறகு விபிஎஸ்-இல் மெயில் வாங்கும் சர்வர் மட்டும் அமையுங்கள், அனுப்புவது வேண்டாம். ஒரு மெயில் வந்துசேர்வதை லாகில் வரிவரியாகப் பார்க்கும் அந்த முதல் முறைக்கு ஈடே இல்லை. அதன்பின் அனுப்புவதற்கு ஒரு ரிலே சேவையைப் பிடியுங்கள். உங்கள் சர்வர் அவர்களிடம் கொடுக்கும், அவர்கள் நல்ல பெயருள்ள ஐபியிலிருந்து அனுப்புவார்கள். போகிற மெயிலை அவர்கள் பார்க்கமுடியும். வருகிற மெயிலும் பழைய மெயிலும் உங்களிடமே இருக்கும். பல வருடம் நடத்தியவர்களில்கூட நிறையப் பேர் இந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறார்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. நேரடியாக அனுப்புவது கடைசிப் படி. ஒரு வருடம் தடங்கல் இல்லாமல் நடத்தி, பேக்கப்பிலிருந்து மீட்டும் பார்த்த பிறகு, உங்கள் முதல் டொமைனை அங்கே கொண்டுவருவது பற்றி யோசியுங்கள்.

தமிழில் படிக்க கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றி நிறைய இருக்கிறது. நேரில் கேட்க சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் ஆள் உண்டு. கேள்வி கேட்கும்போது லாக் பதிவில் இருக்கும் அந்த நாலு வரியை அப்படியே காட்டுங்கள், "வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. எப்படி மூடுவது?

அவசரப்பட்டு சர்வரை அழிக்காதீர்கள். முதலில் புது நிறுவனத்தில் பெட்டிகளை உருவாக்குங்கள். டிஎன்எஸ்-இல் எம்எக்ஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை (பழைய பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருப்பார்கள் என்பது) ஐந்து நிமிடமாகக் குறைத்து ஒரு நாள் விடுங்கள், பிறகு எம்எக்ஸை மாற்றுங்கள். எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளையும் புது நிறுவனம் சொல்வதுபோல மாற்றவேண்டும், இதைத்தான் பலர் மறப்பார்கள். பழைய மெயிலை ஐமேப்சிங்க் என்ற கருவி ஃபோல்டர் மாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். பழைய சர்வரை இன்னும் ஒரு வாரம் ஓடவிட்டு, வழிதவறி வருவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ள வாங்கிய இரண்டாவது டொமைனில் எங்காவது கணக்கு திறந்திருந்தால், அந்த ஐடிகளை மாற்றி முடிக்கும்வரை அதையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.